அண்ணத்தில் விழும் ஓட்டையும் அதை மூட வரும் திசுவும்

வாயின் கூரையான அண்ணத்தில் பிறவியிலேயே இருக்கும் பிளவை மூடும் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு, சில குழந்தைகளுக்குப் பால் மறுபடி மூக்கில் வழியத் தொடங்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தைத்த கோட்டில் எங்கோ ஒரு சின்ன ஓட்டை தெரியும். மருத்துவர்கள் இதை ஃபிஸ்டுலா என்பார்கள். குழந்தைக்கு எடை ஏறட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து, மயக்க மருந்தை நினைத்துப் பயந்து, ஒருவழியாக எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்ட பெற்றோருக்கு இது பேரிடி.

உலக அளவில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ இரண்டிலுமோ பிளவோடு பிறக்கிறது. அண்ணத்தைத் தைத்த பின் எத்தனை பேருக்கு ஓட்டை விழுகிறது என்பது பிளவின் அகலத்தையும் தைப்பவரின் அனுபவத்தையும் பொறுத்து வெகுவாக மாறும். நல்ல மையங்களில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இருக்கும். வேறு இடங்களில் அதைப்போலப் பல மடங்கு. விழுந்த ஓட்டையை மறுபடி மூடினால் அது திரும்பவும் திறந்துகொள்ளும் வாய்ப்பு இன்னும் அதிகம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறந்துகொண்டதாகச் சொல்லும் பழைய ஆய்வுகள் உண்டு. இந்த இரண்டாவது, மூன்றாவது முயற்சியின்போதுதான் திசு ஒட்டு என்ற பேச்சு பெரும்பாலும் வருகிறது. இறந்தவர் தோலிலிருந்து செய்த தகடு, பன்றிக் குடலிலிருந்து எடுத்த சவ்வு, குழந்தையின் கன்னத்துக் கொழுப்பு, நாக்கில் ஒரு துண்டு என்று கேட்கவே திகைப்பூட்டும் பட்டியல் அது.

இதில் எது எங்கே உதவும் என்று புரிய, அண்ணம் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வாயின் கூரையில் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு எலும்பு, பின்பக்கம் தசை. நாக்கு நுனியால் தடவிப் பார்த்தால் கடினமான பகுதி எங்கே முடிந்து மெத்தென்ற பகுதி எங்கே தொடங்குகிறது என்று தெரியும். எலும்புப் பகுதியின் மேல் கிடக்கும் சதை, கன்னத்துச் சதையைப் போல இழுத்தால் வராது. எலும்போடு ஒட்டிக் கிடப்பதால் அதற்கு நெகிழ்வே கிடையாது. அதற்கு ரத்தம் கொடுப்பது முக்கியமாக ஒரே ஒரு குழாய். கடைவாய்ப் பல்லுக்கு உள்பக்கம் எலும்பில் இருக்கும் துளை வழியே இறங்கி முன்பக்கம் ஓடுகிறது. சதையைக் கிளப்பி நடுவுக்குக் கொண்டுவரும்போது அந்தக் குழாய் அறுந்துவிட்டால், மீதமிருக்கும் சதை கறுத்துப்போகும் ஆபத்து உண்டு. இதோடு, தைத்த இடத்தின் கீழ்ப்பக்கம் எச்சிலும் சோறும் நாக்கின் உரசலும். மேல்பக்கம் மூக்குச் சளி. உடம்பில் வேறெந்தத் தையலுக்கும் இப்படி இரண்டு பக்கமும் சோதனை வருவது அரிது.

ஓட்டைகள் கண்ட இடத்தில் விழுவதில்லை. கடின அண்ணமும் மென்மையான அண்ணமும் சேரும் இடம் ஒன்று. முன்பற்களுக்குப் பின்னால் இருக்கும் பகுதி இன்னொன்று. முதல் இடத்தில் இழுவிசை அதிகம், இரண்டாவது இடத்தில் மூட ஆரம்பத்திலேயே சதை போதாது. இழுத்துப் பிடித்துத் தைத்த இடத்தில் ரத்தம் சரியாகப் பாயாது. ரத்தம் பாயாத விளிம்பு செத்து, தையல் அறுந்து, ஓட்டை விழும். பெரும்பாலான ஓட்டைகளின் கதை இவ்வளவுதான். பெற்றோர் ஒரு வாய் கெட்டியாகச் சோறு ஊட்டியதால்தான் வந்தது என்று பழியைச் சுமத்திவிடுவது சுலபம். ஆனால் அடிப்படைக் காரணம் பெரும்பாலும் இழுவிசையும் ரத்த ஓட்டமும்தான்.

பழியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று தாயைக் குறை சொல்லும் வீடுகள் நம் ஊரில் இன்னமும் இருக்கின்றன. கருவில் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் அண்ணம் உருவாகிவிடுகிறது. நாக்கின் இருபுறமும் தொங்கும் இரண்டு தகடுகள் மேலெழுந்து, நடுவில் சந்தித்து, முன்னிருந்து பின்னாக ஒட்டிக்கொண்டே போகும். மரபணுக்களும் வேறு பல காரணங்களும் சேர்ந்து அந்தச் சந்திப்பைத் தடுத்துவிடுகின்றன. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெளிவாகத் தெரியாத நாட்களில் தொடங்கும் வேலை இது. தாய் செய்த குற்றம் எதுவும் இதில் இல்லை.

பிளவை மூட முடியும் என்பதே மனிதர்களுக்கு வெகுகாலம் தெரியாது. 16ஆம் நூற்றாண்டில் ஆம்ப்ருவாஸ் பாரே போன்ற பிரெஞ்சு மருத்துவர்கள், ஓட்டைக்குள் பொருந்தும் தகடுகளைச் செய்து கொடுத்தார்கள். 1816இல் பெர்லினில் ஃபான் கிராஃபே என்பவர் மென்மையான அண்ணத்தைத் தைத்தார். 1819இல் பாரிஸில் ஃபிலிபேர் ரூ என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு கனடா மாணவர் வந்தார். பெயர் ஜான் ஸ்டீபன்சன், படித்துக்கொண்டிருந்தது மருத்துவம். பிறவியிலேயே அவருக்கு அண்ணத்தில் பிளவு. ஈதர் மயக்கம் வருவதற்கு இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. விழித்த நிலையில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்து, தன் அண்ணத்தைத் தைக்க விட்டார். அடுத்த ஆண்டு எடின்பரோவில் அதே அறுவையைப் பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கினார். பிறகு மான்ட்ரியாலில் மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய நால்வரில் ஒருவரானார். அந்தப் பள்ளிதான் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையாக வளர்ந்தது. இவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்புதான் வருகிறது.

1861இல் பெர்னார்ட் ஃபான் லாங்கன்பெக், அண்ணத்துச் சதையை எலும்புறையோடு சேர்த்துக் கிளப்பி நடுவுக்குக் கொண்டுவரும் முறையை விவரித்தார். இன்றைய முறைகள் பலவும் அதிலிருந்து கிளைத்தவை. இருக்கும் சதையை நகர்த்தி மூடுவதுதான் இவற்றின் அடிப்படை. நகர்த்துவதற்குச் சதை போதவில்லை என்றால்? அங்கேதான் வெளியிலிருந்து திசு வருகிறது.

வெளியிலிருந்து வரும் திசுவை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். ஒன்று, எடுத்த இடத்திலிருந்து முழுதாக அறுத்துக் கொண்டுவந்து வைப்பது. இதை ஒட்டு என்போம். இன்னொன்று, ஒரு பக்கம் தன் பழைய ரத்தக் குழாயோடு தொடுப்பை வைத்துக்கொண்டே புதிய இடத்துக்குத் திருப்பிவிடுவது. மருத்துவர்கள் இதை ஃபிளாப் என்கிறார்கள். மடல் என்று சொல்லலாம். மடல் தன் சாப்பாட்டைத் தானே கொண்டுவருகிறது. ஒட்டு, போன இடத்தில் கிடைப்பதை நம்பியே பிழைக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாள் அது கீழே இருக்கும் திசுவின் நீரை உறிஞ்சிக்கொண்டு தாக்குப்பிடிக்கும். அதற்குள் கீழேயிருந்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் வந்து சேர வேண்டும். நாலைந்து நாளில் ஓட்டம் நிலைபெறவில்லை என்றால் ஒட்டு செத்துவிடும்.

இப்போது அண்ணத்து ஓட்டையை நினைத்துப் பாருங்கள். அங்கே கீழே எதுவும் இல்லை, காற்றுதான் இருக்கிறது. வெறும் ஓட்டையின் மேல் ஒரு ஒட்டை விரித்து ஓரத்தைத் தைத்தால் அதன் நடுப்பகுதிக்கு ரத்தம் எங்கிருந்து வரும்? ஒட்டுத் திசுவைப் பற்றிய எல்லாப் பேச்சும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. அதனால்தான் அதை நடு அடுக்காக வைக்கிறார்கள். மூக்குப் பக்கத்துச் சதையை முதலில் தைத்து மூடுவது, அதன் மேல் ஒட்டை விரிப்பது, அப்புறம் வாய்ப் பக்கத்துச் சதையைத் தைப்பது. ஒட்டு இரண்டு பக்கமும் உயிருள்ள திசுவைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு பக்கத் தையல் கொஞ்சம் பிரிந்தாலும் மறுபக்கத் தையலுக்கு நேராகத் திறப்பு விழாது. உடம்பு தன் திசுவை வளர்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

அப்படி வைப்பவற்றில் மிக அதிகம் பேசப்படுவது செல் நீக்கிய தோல் தகடு. உறுப்பு தானம் செய்த மனிதர்களின் தோலை எடுத்து, மேல்தோலை உப்புக் கரைசலால் கழற்றி, உள்தோலில் இருக்கும் செல்களை ஒரு வகைச் சோப்பு வேதிப்பொருளால் கழுவிவிடுகிறார்கள். மிஞ்சுவது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியன் என்று பாய்வது முக்கியமாகச் செல்களின் மேல்தான். அவை இல்லாததால் உடம்பு இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அவரைக்கொடிக்குப் போட்ட பந்தல் மாதிரி அதன் மேல் புதிய ரத்தக் குழாய்களும் செல்களும் படர்ந்து, காலப்போக்கில் அது நோயாளியின் சொந்தத் திசுவாகவே மாறிவிடுகிறது. அமெரிக்காவின் லைஃப்செல் நிறுவனம் 1994 வாக்கில் ஆலோடெர்ம் என்ற பெயரில் இதைத் தீக்காயங்களுக்காகக் கொண்டுவந்தது. பிறகு பல் ஈறு, மார்பகம், வயிற்றுச் சுவர் என்று பரவி, 2000களின் தொடக்கத்தில் அண்ணத்துக்கு வந்தது.

தகட்டுக்கு இரண்டு முகம் உண்டு. ஒரு துளி ரத்தம் வைத்துத் துடைத்தால் உள்தோல் முகம் சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும், மறுமுகத்தில் அவ்வளவு ஒட்டாது. உறைந்து உலர்ந்த நிலையில் வரும் வகையை உப்புநீரில் ஊறவைத்து, ஓட்டையைவிடச் சுற்றிலும் பெரிதாக வெட்டி, சுருக்கம் விழாமல் விரித்துத் தைக்க வேண்டும். வாய்ப்பக்கம் லேசாகத் திறந்து தகடு வெளியே தெரிந்தாலும் பல நேரம் பக்கத்துச் சதை அதன் மேல் ஊர்ந்து வந்து மூடிவிடும். கிருமி தொற்றினால் மட்டும் கரைந்து காணாமல் போகும்.

இதன் பலன் எவ்வளவு? வெளியான அறிக்கைகள் பெரும்பாலும் நம்பிக்கை தருகின்றன. தகடு வைத்தவர்களுக்கு ஓட்டை திரும்புவது குறைவு என்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஒரே மருத்துவமனையின் சில பத்து நோயாளிகளைப் பற்றியவை. தகடு வைத்தவர், வைக்காதவர் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் இந்தத் துறையில் அரிது. மேலும், தகடு வாங்கிப் பயன்படுத்தும் மையங்களில் பெரும்பாலும் அனுபவம் மிக்க கைகளும் இருக்கும். பலன் தகட்டினாலா, கையினாலா என்று பிரிப்பது கடினம். என் பார்வையில், இழுவிசை இல்லாமல் இரண்டு அடுக்கையும் மூட முடிந்த இடத்தில் தகடு ஒரு கூடுதல் காப்பு. இழுத்துப் பிடித்துத் தைத்த இடத்தை எந்தத் தகடும் காப்பாற்றாது.

பன்றியின் சிறுகுடல் சவ்விலிருந்து செய்த தகடும் இதே தத்துவத்தில் வேலை செய்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1980களில் ஸ்டீபன் பேடிலாக்கின் குழுவினர் ரத்தக் குழாய்க்கு மாற்றாக ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது இந்தச் சவ்வின் குணம் தெரியவந்தது. பிரசவத்தில் கழியும் பனிக்குடச் சவ்வையும் அண்ணத்தில் முயன்றிருக்கிறார்கள். கண் மருத்துவர்களுக்கு அது பல ஆண்டுகளாகப் பழகிய பொருள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தகடு எதிலிருந்து வந்தது என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பன்றி என்றால் ஒரு குடும்பத்துக்கு மனம் ஒப்பாது, மாடு என்றால் இன்னொரு குடும்பத்துக்கு, இறந்த மனிதர் என்றால் வேறொரு குடும்பத்துக்கு. ஒப்புதல் படிவத்தில் வெறுமனே "ஒட்டு" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது போதாது. மாற்று வழிகள் நிறைய இருக்கும் சிகிச்சை இது. சொல்லாமல் விடுவதற்கு நியாயமே இல்லை.

அந்த மாற்று வழிகள் நோயாளியின் உடம்பிலேயே இருக்கின்றன. காது மடலின் குருத்தெலும்பில் ஒரு துண்டு, நெற்றிப்பொட்டுத் தசையை மூடியிருக்கும் உறை, இவற்றையும் நடு அடுக்காக வைப்பதுண்டு. எனக்கு மிகவும் பிடித்தது கன்னத்துக் கொழுப்பு. குழந்தையின் கன்னம் உப்பலாகத் தெரிவதற்கு ஒரு காரணமான இந்தக் கொழுப்பு உருண்டையை 1802இல் பிரெஞ்சு மருத்துவர் பிஷா விவரித்தார். அதற்கு முன் இதைச் சுரப்பி என்று நினைத்தவர்களும் உண்டு. 1977இல் எகெடி என்பவர் வாய்க்கும் மூக்குக்கும் நடுவிலான திறப்புகளை மூட இதைப் பயன்படுத்திக் காட்டினார். மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் சிறிய கீறல் போட்டு, மெதுவாக வெளியே வரவிட்டு, ரத்தக் குழாய்த் தொடுப்பு அறாமல் அண்ணத்துக்குத் திருப்புகிறார்கள். இது மடல் என்பதால் தன் ரத்தத்தோடு வருகிறது. மேலே தோல் வைத்து மூட வேண்டிய அவசியம்கூட இல்லை. சில வாரங்களில் மஞ்சள் கொழுப்பின் மேல் வாய்ச்சவ்வு தானாகப் படர்ந்துவிடும். முகத்தில் தழும்பு கிடையாது, பொருளுக்குச் செலவும் கிடையாது. கன்னத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அண்ணத்தின் பின்பாதிக்கு நன்றாக எட்டும். முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டைவரை எட்டுவது கடினம். வெளிநாட்டுத் தகடு வாங்க முடியாத அரசு மருத்துவமனையிலும் செய்யக்கூடியது என்பதால் நம் ஊருக்கு இதன் மதிப்பு பெரிது.

கன்னத்தின் உள்சவ்வையும் தசையையும் சேர்த்து மடலாக எடுத்து அண்ணத்தை நீட்டும் முறையை 1969இலேயே இந்திய மருத்துவரான முகர்ஜி எழுதியிருந்தார். சில பத்தாண்டுகள் அதிகம் கவனிக்கப்படாமல் இருந்த அந்த யோசனை, குட்டையான அண்ணத்தால் பேச்சு மூக்கில் போகும் பிள்ளைகளுக்கு இப்போது பல நாடுகளில் பரவலாகச் செய்யப்படுகிறது.

முன்பக்கத்துப் பெரிய ஓட்டைக்கு இருக்கும் வழி நாக்கு. 1966இல் மெக்சிகோவின் கெரேரோ சாந்தோஸ் இதை விவரித்தார். நாக்கின் மேற்பரப்பிலிருந்து நுனிப்பக்கம் தொடுப்பு விட்டு ஒரு பட்டையைக் கிளப்பி அண்ணத்தில் தைத்துவிடுவார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் நாக்கும் அண்ணமும் ஒட்டியபடியே இருக்கும். அண்ணத்திலிருந்து புதிய ரத்தக் குழாய்கள் பட்டைக்குள் வந்த பிறகு தொடுப்பை வெட்டிவிடுவார்கள். அந்த மூன்று வாரமும் நீராகாரம்தான். பேச முடியாது, வாயைப் பெரிதாகத் திறக்கக்கூடாது. இரண்டாவது மயக்கத்தின்போது வாய் வழி அடைபட்டிருப்பதால் மயக்க மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் செலுத்த வேண்டியிருக்கும். ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட, சொன்னதைக் கேட்டுக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் இது ஏற்றது. கேட்பதற்குக் கொடுமையாக இருந்தாலும் நாக்கு வியக்கத்தக்க விதத்தில் ஆறிவிடுகிறது. பேச்சிலோ சுவையிலோ நிரந்தரப் பாதிப்பு பொதுவாகத் தெரிவதில்லை. பலமுறை தைத்துத் தோற்ற தழும்பு நிறைந்த அண்ணத்துக்கு இதைப்போல நம்பகமானது வேறில்லை.

ஈறு வரை பிளந்திருந்தால் அங்கே தேவைப்படுவது எலும்பு. இடுப்பெலும்பிலிருந்து பஞ்சு போன்ற உள் எலும்பைச் சுரண்டி எடுத்து, எட்டிலிருந்து பதினோரு வயதுக்குள், கோரைப்பல் முளைத்து வருவதற்கு முன் நிரப்புகிறார்கள். பாய்னும் சாண்ட்ஸும் 1972இல் இதை விவரித்தார்கள். ஈறுக்கு மேலே உதட்டுப் பக்கம் இருக்கும் சின்ன ஓட்டையை முதல் அறுவையில் மூடாமல் விட்டு வைப்பது பல நேரம் இந்தத் திட்டத்தின் பகுதிதான். அது தோல்வி இல்லை என்பதைப் பெற்றோரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணத்தை இழப்பவர்கள் குழந்தைகள் மட்டும் இல்லை. 2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு வந்த கருப்புப் பூஞ்சை இந்தியாவில் ஜூன் இறுதிக்குள்ளேயே 40,000 பேருக்கு மேல் தாக்கியது. உயிரைக் காக்க மேல்தாடையையும் அண்ணத்தையும் அகற்ற வேண்டியிருந்தவர்கள் ஏராளம். புற்றுநோய்க்காக அகற்றப்படுவதும் உண்டு. பாதி அண்ணமே இல்லாத இடத்தில் தகடும் கன்னக் கொழுப்பும் போதாது. முன்கைத் தோலையோ கீழ்க்கால் எலும்பையோ ரத்தக் குழாயோடு எடுத்து, கழுத்து ரத்தக் குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் இணைக்க வேண்டும். அதைத் தாங்கும் உடல்நிலை இல்லாதவர்களுக்கு, பாரே காலத்து யோசனையின் தொடர்ச்சியாக அக்ரிலிக்கில் பல்லோடு செய்த அடைப்பான் இருக்கிறது. சாப்பிடவும் பேசவும் அது தரும் நிம்மதியைக் குறைவாக மதிப்பிட்டுவிடக் கூடாது. பூஞ்சை திரும்புகிறதா என்று உள்ளே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவர்களுக்குக் கழற்றி மாட்டும் வசதியே பெரிய பலம்.

ஓட்டை மூடியாயிற்று என்பதால் பேச்சு சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. க, ச, ட, த, ப என்று சொல்லும்போது மென்மையான அண்ணம் எழும்பித் தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்குக்குப் போகும் காற்றை நிறுத்த வேண்டும். பிளவு உள்ளவர்களுக்கு அண்ணத்தைத் தூக்கும் தசைகள், இரு பக்கத்திலிருந்தும் குறுக்காக வந்து நடுவில் ஒன்றோடொன்று சேர்வதற்குப் பதில் முன்னோக்கி எலும்பில் போய் ஒட்டியிருக்கும். அவற்றைக் கழற்றிச் சரியான திசையில் சேர்த்தால்தான் அண்ணம் எழும்பும். எந்த ஒட்டும் தசையின் வேலையைச் செய்யாது. அதன் பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். நம் மாவட்டங்களில் மிகவும் பற்றாக்குறையாக இருப்பது இந்தப் பயிற்சியாளர்கள்தான். திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் மருத்துவர் அடென்வாலா பல பத்தாண்டுகள் நடத்திய மையம், தையலுக்கு அப்புறமும் பிள்ளை வளரும் வரை பின்தொடர வேண்டும் என்பதை இந்தியாவுக்குக் காட்டியது.

வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ஊசிமுனை அளவு ஓட்டையில் சாப்பாடும் காற்றும் போகவில்லை என்றால் எதுவும் செய்யத் தேவையில்லை. செய்ய வேண்டியதாக இருந்தாலும் அவசரம் கூடாது. முதல் அறுவையின் வீக்கமும் தழும்பும் தளர்ந்து ரத்த ஓட்டம் சீராக ஆறு மாதமாவது வேண்டும். பல் கிளிப் போட்டுத் தாடையை அகலப்படுத்தும் திட்டம் இருந்தால், எதை முதலில் செய்வது என்று பல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் விரிக்கும்போது மறைந்திருந்த ஓட்டை வெளிப்படலாம். எத்தனை அடுக்காக மூடப் போகிறீர்கள், நடுவில் என்ன வைப்பீர்கள், அது எதிலிருந்து வந்தது, தோற்றால் அடுத்த வழி என்ன என்று மருத்துவரிடம் கேட்கலாம். பிளவு அறுவை, மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. பட்டியலில் இருக்கிறது, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் பரிசோதனைக் குழுவிடம் சொன்னால் மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள்.